பொட்டு வைத்த சுண்டெலி

ரப்பர் விலை விழுந்து, தோட்டம் தோட்டமாக ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. முப்பதுகளின் தொடக்கம். மலாயாவின் ஜொகூரில் சிகாமட் ரயில்வே குவார்ட்டர்ஸில் நான் குடித்தனம் தொடங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என் வீட்டுக்காரர் அங்கே கூட்ஸ் ஷெட்டில் கிராணி, அதாவது சரக்குக் கிடங்கு குமாஸ்தா. அரிசி மூட்டை, ரப்பர் ஷீட், கருவாட்டுக் கூடை என்று ரயிலில் வருவதும் போவதும் அவர் கண்ணைத் தாண்டித்தான் போகவேண்டும். நான் கிள்ளானில் எந்நேரமும் ஆள் நடமாட்டம் உள்ள வீட்டில் வளர்ந்தவள். இங்கே அவர் வேலைக்குப் போய்விட்டால் பேச்சுத் துணைக்குச் சுவர்தான். அதனால் யார் வாசலுக்கு வந்தாலும் விடமாட்டேன். தண்ணீர் கேட்டு வந்தவர்களுக்கு நான் பேசி முடிப்பதற்குள் மறுபடி தாகம் எடுத்துவிடும்.

ஒருநாள் மதியம் சாப்பாட்டுக்கு வந்தவர் கையில் ஒரு மூங்கில் கூண்டு. உள்ளே இரண்டு வெள்ளை எலிகள், சிவப்புக் கண்ணோடு என்னைப் பார்த்து மூக்கை ஆட்டின. நான் போட்ட கூச்சலில் சிக்னல்காரர்கூட இறங்கி வந்திருப்பார். எலியை அடித்து வெளியே போடுகிற வீட்டைப் பார்த்திருக்கிறேன், கூண்டில் வைத்துப் பெண்டாட்டிக்குக் கொண்டுவருகிற மனுஷனை இப்போதுதான் பார்க்கிறேன் என்று பிடித்துக்கொண்டேன். அவர் கூண்டை முற்றத்தில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். அவர் வழக்கம் அது. நான் கத்தி முடிக்கிறவரை கை கழுவுவார்.

பிறகுதான் விஷயம் சொன்னார். பசார் முனையில் வித்தை காட்டி மருந்தெண்ணெய் விற்கும் சீனர் ஒருவரை நானும் பார்த்திருந்தேன். அவருடைய எலிகள்தான் இவை. தட்டைத் தட்டினால் இரண்டும் குட்டி ஏணியில் ஏறும், நூலைப் பல்லால் கவ்வி இழுத்து விரல் அளவு வாளியை மேலே தூக்கும். கையில் காசில்லாத காலத்தில் வித்தை பார்க்க யார் நிற்பார்கள்? அவர் சிங்கப்பூர் போய் அங்கிருந்து சீனாவுக்குக் கப்பலேறப் போகிறார். கப்பலில் எலியை ஏற்ற விடமாட்டார்கள். கூண்டை என்ன செய்வதென்று தெரியாமல் கூட்ஸ் ஷெட் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டாராம்.

வண்டி ஏறுவதற்கு முன்னால் அந்தச் சீனரே எங்கள் வீட்டுக்கு வந்தார். இரண்டும் ஆண், குட்டி போட்டுப் பெருகிவிடும் என்று பயப்படாதே என்று மலாயில் எனக்குப் புரிய வைத்தார். ஒவ்வொன்றையும் எடுத்துத் தோளில் விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். கூண்டுக்குள் திரும்ப விடும்போது அவர் கண் கலங்கிவிட்டது. "ஜாகா பாய்க்-பாய்க்" என்றார். நல்லாப் பார்த்துக்கொள் என்று அர்த்தம். நான் சரி என்று தலையாட்டினேன். அந்த மனுஷன் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எப்படி ஆட்டுவது?

நம்பமாட்டீர்கள், வாரம் திரும்புவதற்குள் நான் அடியோடு கவிழ்ந்துவிட்டேன். கொஞ்சம் பருத்தவனுக்குப் பெரியவர், மற்றவனுக்குச் சின்னவர் என்று பெயர் வைத்தேன். நான் காய் நறுக்கும்போது பெரியவர் என் தோளில் ஏறிக் காதுத் தோட்டை முகர்ந்து பார்ப்பார். சின்னவருக்கு வாழைப்பழம் என்றால் உயிர். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, யாரோ பிடுங்கப்போகிற மாதிரி அவசரமாகத் தின்பார். பூனையைப் போல நம்மை மதிக்காமல் போகிற குணம் கிடையாது. கூப்பிட்டால் வரும், பேசினால் கேட்கும். எனக்கு வேறென்ன வேண்டும்?

அந்த வருஷக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. சிகாமட்டில் மழை என்றால் ஆறு ஊருக்குள் வந்துவிட்டுத்தான் போகும். கூட்ஸ் ஷெட்டின் தாழ்ந்த பக்கம் தண்ணீர் ஏறியது. அங்கே அரிசி மூட்டைகளுக்கு நடுவே தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த சுண்டெலிகள் எல்லாம் மேட்டில் இருந்த எங்கள் குவார்ட்டர்ஸுக்குக் குடிபெயர்ந்தன. தண்ணீர் வடிந்தது. அவை மட்டும் வடியவில்லை.

அரிசிப் பானையைத் திறந்தால் புழுக்கை. அவருடைய யூனிஃபார்ம் சட்டையில் ஜன்னல் மாதிரி ஓட்டை. ஊர்க்காரர்கள் எல்லாரும் சொல்வார்கள், வீட்டுக்குள்ளே எலி என்ற பேச்சையே எடுக்கக்கூடாது, அதன் காதில் விழுந்தால் வேண்டுமென்றே பட்டுப்புடவையாகப் பார்த்துக் கடிக்கும் என்று. நான் வாயை அடக்கியா பழக்கம்? வாய்க்கு வந்தபடி திட்டினேன். கல்யாணப் புடவையின் முந்தானை போயிற்று.

அதைவிடப் பெரிய கவலை என் இரண்டு பேரையும் பற்றியது. சுண்டெலிகள் கூண்டின் மூங்கில் குச்சிகளுக்கு நடுவே சுலபமாக நுழைந்து, இவர்கள் தட்டிலேயே தின்றுவிட்டுப் போயின. பெரியவர் துரத்துவார், சண்டை நடக்கும். சின்னவருக்குத் தும்மல் பிடித்து, ரோமம் சிலிர்த்து, வாழைப்பழத்தைக்கூட முகர்ந்துவிட்டு வைத்துவிட்டார். வெளி எலிகளின் அசுத்தம் பட்டால் கூண்டு எலிக்கு ஆகாது என்று ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரெஸர் சொன்னார். சொல்லும்போது சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார் என்பது வேறு விஷயம்.

ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். பூனை வளர்க்கச் சொன்னார்கள். பூனைக்கு எது வீட்டு எலி, எது வளர்ப்பு எலி என்று யார் சொல்லிக்கொடுப்பது? அடிக்கிற பொறி வைக்கச் சொன்னார்கள். மாலையில் என் பிள்ளைகள் இரண்டும் வீடு முழுக்க உலாவும், முதலில் அவர்கள் மூக்குத்தான் மாட்டும். அதோடு இன்னொன்றும் இருந்தது. பெரியவரைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, அதே ஜாடையில் இருக்கும் இன்னொன்றை நசுக்கிக் கொல்ல எனக்கு மனசு வரவில்லை. மூக்கும் காதும் மீசையும் அச்சு அசல் அதே மாதிரிதானே இருக்கிறது.

இந்த நேரத்தில்தான் ஸ்டேஷன் மாஸ்டர் உத்தரவு போட்டார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். நெற்றி நிறைய விபூதி, பேச்சில் சுருக்கம். மூட்டைகளை எலி கடித்து நாசமாக்குவதாகக் கடைக்காரர்கள் புகார் செய்திருந்தார்கள். அடுத்த வாரம் சானிட்டரி இன்ஸ்பெக்டர் வந்து ஷெட்டையும் குவார்ட்டர்ஸையும் வீடு வீடாகப் பார்க்கப் போகிறார். அதற்குள் எல்லா வீட்டு அடுப்படியிலும் பாஷாணம் வைத்துவிட வேண்டும், வைக்கிற வேலை தண்டவாளக் கேங் ஆட்களுடையது. பாஷாண டப்பா ரயிலில் வந்து இறங்கிவிட்டது. அதை ஷெட்டில் பத்திரப்படுத்தி வைத்தவர் வேறு யார், என் வீட்டுக்காரர்தான்.

பாஷாணம் வைத்தால் சுண்டெலி அதைத் தூக்கிக்கொண்டு நேரே கூண்டுக்குள்தான் வரும். என் இரண்டு பேரும் பிழைக்கமாட்டார்கள். வேறு யாரிடமாவது கொடுக்கலாம் என்றால், எலியைக் கேட்டு வாங்கிக்கொள்ள அந்தச் சீனருக்கு அப்புறம் நான் ஒருத்திதான் பைத்தியம். காட்டில் விடலாமே என்றார் அவர். பச்சைப் புல்லில் பால் வெள்ளையாக ஒன்று ஓடினால் பாம்பு சும்மா இருக்குமா? நான் அழுதேன். அவர் கை கழுவப் போகாமல் அங்கேயே நின்றார். அதிலிருந்தே அவருக்கும் வருத்தம் என்று புரிந்துகொண்டேன். இன்ஸ்பெக்டர் வருவதற்குள், கேங் ஆட்கள் எங்கள் வீட்டு வரிசைக்கு வருவதற்குள், வீட்டில் ஒரு சுண்டெலிகூட இல்லாமல் செய்துவிட்டால் பாஷாணத்துக்கே அவசியமில்லை என்று மாஸ்டரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்றார்.

புடவையை வரிந்து கட்டிக்கொண்டேன். முதலில் அரிசி, பருப்பு, கருவாடு எல்லாம் பிஸ்கட் டின்னுக்குள் போய் மூடிக்கொண்டது. வெள்ளையர்கள் சாப்பிட்டு முடித்ததும் தட்டை உடனே எடுத்துக் கழுவினேன். வெள்ளையர்கள் என்றால் துரைமார் இல்லை, என் எலிகளைச் சொல்கிறேன். கூண்டைச் சுற்றிக் கொசுவலைக் கம்பியை இழுத்துக் கட்டினேன். மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டித் தட்டிப் பலகைச் சுவரில் இருந்த பொந்துகள் மேல் அவர் ஆணி அடித்தார். இவ்வளவும் புதிதாக வருவதைத் தடுக்க. ஏற்கெனவே உள்ளே இருப்பதைப் பிடிக்க வேண்டுமே?

அதற்கு வழி என் பிள்ளைகளிடமே கிடைத்தது. அவர்கள் ஏணி ஏறி வாளி தூக்குகிற வித்தையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தோன்றியது, ஏணி வைத்தால் அவையும் ஏறுமே என்று. ஆழமான எனாமல் வாளியின் உட்பக்கம் தேங்காயெண்ணெய் தடவினேன். அடியில் பழைய துணி, விழுந்தால் அடிபடக்கூடாது. வாளியின் வாய்க்குக் குறுக்கே ஒரு கம்பி, அதில் கோத்த காலிப் பால் டின், டின்மேல் சுட்ட தேங்காயும் நெத்திலியும் அரைத்துப் பூசினேன். ஏறி வர ஒரு பலகை. வாசனை பிடித்து ஏறி வருகிறவர் டின்மேல் கால் வைத்தால் டின் உருளும், அவர் தொபுக்கென்று துணியில் விழுவார். எண்ணெய் வழுக்கும், ஏற முடியாது. மறுநாள் காலையில் எட்டிப் பார்த்தேன். மூலையில் ஒண்டிக்கொண்டு மூன்று நாலு பேர் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வந்த பெருமைக்கு அளவில்லை.

வாளியை மூடித் தூக்கிக்கொண்டு போய்க் கூட்ஸ் ஷெட்டைத் தாண்டி, கேங் ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்துக்குப் பக்கத்தில் இருந்த ஆலமரத்தடியில் விட்டேன். மரத்தடியில் லயத்து மக்கள் வைத்திருந்த சின்னப் பிள்ளையார் இருந்தார். அவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று கும்பிட்டுவிட்டு வந்தேன். மறுநாளும் வாளி நிறைந்தது. அதற்கு மறுநாளும் நிறைந்தது. என் வீட்டுக்காரர் சிரித்தார். நீ விடுகிறாய், நீ வீடு வந்து சேர்வதற்கு முன்னால் அவை வந்து சேர்கின்றன என்றார். இல்லவே இல்லை, இவை வேறு என்றேன் நான். உனக்கு முகம் தெரியுமா என்றார். இந்த மாதிரி கேட்டால் எனக்குப் பொறுக்காது. அடையாளம் போட்டு விடுகிறேன், பார்த்துவிடலாம் என்று சொல்லிவிட்டேன்.

அன்று வெள்ளிக்கிழமை. விளக்கேற்றும் இடத்தில் குங்குமம்தான் கைக்குக் கிடைத்தது. ஒட்டிப் பிடிக்கட்டும் என்று கொஞ்சம் எண்ணெயில் குழைத்து, ஈர்க்குச்சி நுனியில் எடுத்து, வாளிக்குள் இருந்த ஒரு சுண்டெலியின் முதுகில் வைக்கப் பார்த்தேன். அது என்ன என்று பார்க்கத் தலையைத் தூக்கியது. குங்குமம் நெற்றி நடுவில் ஒட்டிக்கொண்டது. நான் வேண்டுமென்று வைத்தால்கூட அவ்வளவு லட்சணமாக வந்திருக்காது. எனக்கே சிரிப்பு வந்தது. கொண்டுபோய் மரத்தடியில் விட்டுவிட்டு, மறுநாள் வருகிறதா பார்ப்போம் என்று காத்திருந்தேன்.

அது வரவில்லை. வேறு சேதிதான் வந்தது. காலையிலேயே அவர் வேகமாக வீட்டுக்கு வந்தார். லயத்து ஆட்கள் பாஷாணம் வைக்க மறுத்துவிட்டார்களாம். பிள்ளையார் காலடியில், உடைத்த தேங்காய்ச் சில்லைத் தின்றுகொண்டு, நெற்றியில் குங்குமத்தோடு ஒரு எலி உட்கார்ந்திருந்ததாம். பிள்ளையார் தன் வாகனத்தை அனுப்பியிருக்கிறார், இனி ஒரு எலிக்கும் விஷம் தொடமாட்டோம் என்று அவர்களை மேய்க்கிற கங்காணி ஷெட் வாசலில் நின்று சொல்லிவிட்டாராம்.

முதலில் எனக்குச் சந்தோஷம் பொங்கியது. என் பிள்ளைகள் பிழைத்துவிட்டார்கள். ஆனால் அவர் முகத்தில் சிரிப்பில்லை. மாஸ்டர் கடுங்கோபத்தில் இருக்கிறார், கங்காணி உத்தரவை மீறினார் என்று மேலே எழுதப் போகிறார், இந்தக் காலத்தில் வேலை போனால் குடும்பத்தோடு கப்பல்தான் என்றார். அதோடு நிறுத்தினாரே தவிர, நீ போய்ச் சொல் என்று சொல்லவில்லை. நான் கூண்டைப் பார்த்தேன். சின்னவர் அன்றுதான் தும்மல் குறைந்து கொஞ்சம் பழம் தின்றுகொண்டிருந்தார். நான் போய் உண்மையைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் பாஷாணம் வந்துவிடும். சொல்லாவிட்டால் என் குங்குமத்துக்காக ஒரு மனுஷன் பிழைப்பு போய்விடும். செருப்புக்கூடப் போடாமல் நடந்தேன்.

மரத்தடியில் லயமே கூடியிருந்தது. பிள்ளையாருக்கு மாலை போட்டு, எலிக்கென்று தனியாக இலையில் பொரியும் வெல்லமும் கொழுக்கட்டையும் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. இந்த மாதிரி விருந்து வைத்தால் சிகாமட்டில் இருக்கிற எல்லா எலியும் இங்கேதான் வரும். ஒரு பக்கம் கங்காணி கைகட்டி நின்றார். எதிரே ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பியோடு நின்று, பிள்ளையாருடைய வாகனம் பெருச்சாளி, இது வெறும் சுண்டெலி, சாஸ்திரம் தெரியாமல் பேசாதீர்கள் என்று வாதாடிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் ஒருவர், பெருச்சாளி இல்லை, மூஞ்சூறு என்று அவரைத் திருத்தினார். இன்னொருவர், சாமி சின்ன ஸ்டேஷனுக்குச் சின்ன வண்டிதான் அனுப்பும் என்றார். பேசாமல் திரும்பிவிடலாமா என்றுகூட இருந்தது.

ஆனால் வந்த காலோடு சொன்னால்தான் உண்டு. அந்தப் பொட்டு நான் வைத்தது என்று சொன்னேன். ஏன் வைத்தேன், எதை வாளியில் பிடித்தேன், வீட்டில் யாரை வளர்க்கிறேன், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சாமியை வைத்து விளையாடவில்லை, முதுகுக்குக் குறிவைத்தது நெற்றியில் பட்டுவிட்டது, கங்காணி மேல் தப்பில்லை, அவரை ஒன்றும் செய்துவிடாதீர்கள் என்று மாஸ்டரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

மாஸ்டர் பெருமூச்சு விட்டுக் கங்காணியிடம் திரும்பினார். கேட்டாச்சு அல்லவா, போய் டப்பாவை எடு என்றார். கங்காணி கீழே பார்த்தார். அப்போதுதான் அவர் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். ஆள் கட்டை குட்டை, குரல் ரயில் விசில். என்னை மேலும் கீழும் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"கிராணியம்மா, யாரு வச்சா என்ன? பொட்டு பொட்டுதான்" என்றாள். "வெள்ளிக்கெழம அதுவும், சாமி குங்குமம். பொட்டு வச்ச நெத்திக்கு நாங்க வெஷம் வைக்கமாட்டோம்."

பின்னாலிருந்து ஒரு ஆள், ஆட்டுக்கும் பொட்டு வைத்துத்தானே வெட்டுகிறோம் என்றான். கூட்டம் சிரித்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது முனியாண்டிக்கு வச்ச பொட்டு. இது பிள்ளையார் வீட்டு ஆளுக்கு வச்ச பொட்டு. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவன்லாம் பேசாதீங்க" என்றாள். அப்புறம் மாஸ்டர் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்து, எலி இருக்கக்கூடாது, அவ்வளவுதானே உங்களுக்கு வேண்டும், கிராணியம்மா வாளியை எல்லா வீட்டிலும் வைத்துப் பிடித்துக் கொடுத்துவிடுகிறோம், பாஷாணம் மட்டும் வேண்டாம் என்றாள்.

மாஸ்டர் பிள்ளையாரைப் பார்த்தார். தன் நெற்றி விபூதியை விரலால் தொட்டுக்கொண்டார்.

"சரி. ஆனா சானிட்டரி துரை வாற அண்டைக்கு ஒரு எலிப்புழுக்கை கண்டனெண்டால், பாஷாணத்தை என்ர கையாலயே வைப்பன்" என்றார். போகிற போக்கில் என்னைப் பார்த்து, "பிள்ளை, இனிமேல் நீலம் பாவியுங்கோ" என்றார். அடையாளத்துக்குக் குங்குமம் வேண்டாம், வெளுப்புக்குப் போடுகிற நீலத்தை வை என்று அர்த்தம். அந்த மனுஷன் வேடிக்கையாகப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

அதற்குப் பிறகு குவார்ட்டர்ஸிலும் லயத்திலும் ஒரே திருவிழாதான். வீட்டுக்கு வீடு வாளி, வாளிக்கு வாளி பால் டின். யார் வீட்டு நெத்திலிக்கு அதிகம் விழுகிறது என்று போட்டி. மரத்தடி விருந்தை மட்டும் நிறுத்தச் சொன்னேன். பிள்ளையாருக்குப் படைத்ததை உடனே பிள்ளைகளுக்குப் பங்கு போட்டுவிடுவது என்று முடிவாயிற்று. பிடித்ததை எங்கே விடுவது என்பதுதான் கேள்வி. மலாய்க் கம்பத்துப் பக்கம், அதாவது அவர்கள் கிராமத்துப் பக்கம் விட்டால் அவர்கள் நெல்லுக்குக் கேடு. தோட்டத்துப் பக்கம் விட்டால் அங்கும் லயம் இருக்கிறது. நம் வீட்டுத் தொல்லையை அடுத்த வீட்டுக்குத் தள்ளுவதில் என்ன புண்ணியம்? கங்காணிதான் வழி சொன்னார். கேங் ஆட்கள் காலையில் டிராலியைத் தண்டவாளத்தில் தள்ளிக்கொண்டே வேலைக்குப் போவார்கள். ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் மனித வாடையே இல்லாத புதர்க்காடு. கடப்பாரைக்கும் மண்வெட்டிக்கும் நடுவே மண்ணெண்ணெய்த் தகரத்தில் மூச்சுக்கு ஓட்டை போட்டு, தின்னக் கொஞ்சம் பொரியும் போட்டு, அங்கே கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றார்.

அப்படியே நடந்தது. தினம் காலையில் டிராலி புறப்படும்போது எங்கள் பெண்கள் கூட்டம் நின்று வழியனுப்பும். ஒருநாள் என் வாளியில் என் பழைய ஆள் விழுந்திருந்தார். நெற்றிக் குங்குமம் மங்கிப்போயிருந்தாலும் தெரிந்தது. என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே கை கழுவப் போய்விட்டார். கங்காணி மனைவி அதற்கு மறுபடி புதுப் பொட்டு வைத்துத்தான் தகரத்தில் ஏற்றினாள். டிராலி நகர்ந்ததும், யாரை வழியனுப்பினாலும் நம் வாயில் வருமே, அந்தப் பழக்கத்தில் "போயிட்டு வா, கண்ணு" என்று சொல்லிவிட்டாள். ஐயையோ, வரச் சொல்லாதே என்று நாங்கள் எல்லாரும் ஒரே குரலில் கத்தினோம். டிராலியில் இருந்தவர்கள் தள்ள முடியாமல் சிரித்தார்கள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு, பின்னே எப்படித்தான் சொல்வது, போ என்று சொல்ல எனக்கு வராதே என்றாள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். ஷெட்டைப் பார்த்தார், லயத்தைப் பார்த்தார், எங்கள் வீட்டு அடுப்படியில் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு புழுக்கை இல்லை. மாஸ்டர் முகத்தில் லேசான கர்வம்கூடத் தெரிந்தது. திரும்பும்போது இன்ஸ்பெக்டர் கண் கூண்டில் பட்டது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. கூண்டுக்குள்ளே பெரியவரும் சின்னவரும் ஏணியில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் நெற்றியிலும் வட்டமாகக் குங்குமப் பொட்டு. நான் வைக்கவில்லை. காலையில் நான் குளிக்கப் போன நேரம் பார்த்துக் கங்காணி மனைவி வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

இன்ஸ்பெக்டர் விரலை நீட்டி மாஸ்டரை என்னவோ கேட்டார். மாஸ்டர் கூண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நிமிர்ந்து நின்று இங்கிலீஷில் சுருக்கமாக ஒரு பதில் சொன்னார். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, மரியாதையாகக் கூண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே போனார். மாஸ்டர் என்ன சொன்னார் என்று அப்புறம் என் வீட்டுக்காரரைக் கேட்டேன். அது இவர்கள் சமய விஷயம் என்று சொன்னாராம். பாஷாண டப்பா திறக்காமலே, வந்த வழியே சரக்கு வண்டியில் திரும்பிப் போனது.

பெரியவரும் சின்னவரும் அதற்குப் பிறகும் எங்கள் வீட்டில் வயசாகி, சோம்பேறியாகி, வாழைப்பழம் தின்றே வாழ்ந்தார்கள். ஒருவருக்குப் பின் ஒருவராகப் போனபோது ஆலமரத்தடியில்தான் புதைத்தோம். இரண்டு தடவையும் கங்காணி மனைவி குங்குமச் சிமிழோடு வந்தாள். பிறகு எங்களுக்கு மாற்றல் வந்து வேறு ஸ்டேஷனுக்குப் போனோம். நாங்கள் வண்டி ஏறும்போது ரயில் விசிலையும் தாண்டி அவள் குரல் கேட்டது, போயிட்டு வா கிராணியம்மா என்று. இந்தத் தடவை யாரும் அவளைத் தடுக்கவில்லை.

எனக்குக் கோபம் இன்றைக்கும் குறைந்தபாடில்லை. ஆனால் இனி என் வாசலை மிதிக்காதே என்று யாரையாவது சொல்ல வாய் துடிக்கும்போது, அவர்கள் நெற்றியில் மனசாலேயே ஒரு பொட்டு வைத்துப் பார்ப்பேன். வைத்துவிட்டால் போதும், அப்புறம் போகச் சொல்வதாக இருந்தாலும் 'போயிட்டு வா' என்றுதான் வாயில் வருகிறது.